பதின்பருவத்தினருக்கான வரலாற்றுச் சாகச நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான வாசகர்கள், அவர்களுக்குப் புத்தகம் தேடித் தரும் பெற்றோர், ஆசிரியர்கள், நூலகர்கள், இந்த வகையில் எழுதிப் பார்க்க விரும்பும் இளைஞர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

சரித்திர நாவலுக்கும் வரலாற்றுச் சாகச நாவலுக்கும் என்ன வேறுபாடு?

சரித்திர நாவல் பெரிய பரப்பு. அரண்மனைக்குள் நடக்கும் அதிகாரப் போட்டி, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை, ஒரு சிற்பியின் வாழ்க்கை எல்லாமே அதில் அடங்கும். சாகச நாவலில் ஒருவர் தனக்குப் பழகிய இடத்தை விட்டு வெளியேற வேண்டும். கையில் ஒரு காரியம் இருக்க வேண்டும், அதை முடிப்பதற்குள் உயிருக்கே ஆபத்து வர வேண்டும். அந்த ஆபத்தில் அவரே முடிவெடுக்கவும் வேண்டும்.

இதற்கு மேல் நான் ஒன்றைக் கேட்பேன். அந்த ஆபத்து அந்தக் காலத்திலிருந்தே பிறந்திருக்கிறதா? கதையை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து இன்றைய நகரம் ஒன்றில் வைத்தாலும் சிக்கலில்லாமல் ஓடும் என்றால், அதிலிருக்கும் குதிரையும் வாளும் வெறும் வேடம். வரலாறு அதற்குத் தேவைப்படவே இல்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் பலவும் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

எவ்வளவு பழைய காலமாக இருந்தால் 'வரலாறு' என்று கொள்ளலாம்?

வால்ட்டர் ஸ்காட் 1814இல் வெளியிட்ட 'வேவர்லி', ஐரோப்பிய சரித்திர நாவலுக்குத் தொடக்கமாகக் கருதப்படுவது. அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த கதை என்று அதன் துணைத்தலைப்பே அறிவித்தது. அதிலிருந்து அறுபது ஆண்டு என்பது ஒரு தோராயமான அளவாகப் பேசப்படுகிறது.

எனக்கு அந்த எண் முக்கியமில்லை. எழுதுபவர் நேரில் வாழ்ந்திராத, தேடிப் படித்தே அறிய வேண்டியிருந்த காலம் என்றால் போதும். இன்று பதினைந்து வயதில் இருப்பவருக்கு, கடிதத்துக்காக இரண்டு வாரம் காத்திருந்த 1970களே அறியாத உலகம்தான்.

பதின்பருவத்தினருக்கு என்று தனியாக எழுத வேண்டுமா? பெரியவர்கள் படிப்பதையே படிக்கக் கூடாதா?

படிக்கலாம், படித்தும் வந்திருக்கிறார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை ஒரு வார இதழில் தொடராக வந்தபோது, வீட்டிலுள்ள எல்லா வயதினரும் அதே பிரதிக்காகக் காத்திருந்தார்கள். மறுபக்கம், 1881–82இல் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடராக வந்த ஸ்டீவன்சனின் 'டிரஷர் ஐலண்ட்' 1883இல் புத்தகமானதும் பெரியவர்கள் விரும்பி வாசித்தார்கள். இந்த இரண்டு வாசகர்களுக்கும் நடுவே மதில் ஏதும் கிடையாது.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை மதிக்க வேண்டும். பதின்பருவ நாவலில் கதையின் திருப்பம் இளையவரின் முடிவில் நிற்கிறது. கடைசி நேரத்தில் ஒரு தளபதியோ குருவோ வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால், அது பெரியவரின் கதையைச் சிறுவன் வேடிக்கை பார்த்த கதையாகிவிடும். இன்னொன்று, பன்னிரண்டு வயதும் பதினேழு வயதும் ஒன்றல்ல. பன்னிரண்டில் 'அடுத்து என்ன?' என்ற கேள்வி இழுத்துச் செல்கிறது. பதினேழில் 'இவன் செய்தது சரியா?' என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. நல்ல நாவல் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கும்.

பதினான்கு வயதுப் பிள்ளை கப்பலேறுகிறான், ஒற்றனாகிறான், போர்க்களத்தில் நிற்கிறான். நம்பும்படியாகவா இருக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இன்றைய பள்ளி வாழ்க்கையை வைத்துப் பார்ப்பதால் எழும் சந்தேகம். வரலாற்றில் பதினான்கு என்பது பெரும்பாலும் வேலைக்குப் போகும் வயது.

அக்பர் 1556இல் அரியணை ஏறியபோது அவருக்கு வயது 13. ஹொரேஷியோ நெல்சன் 1771இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தபோது வயது 12. மார்க்கோ போலோ தந்தையோடும் சிற்றப்பாவோடும் 1271இல் புறப்பட்டபோது வயது 17. ஜோன் ஆஃப் ஆர்க் 1429இல் ஓர்லியான் முற்றுகையை உடைக்கப் படையோடு சென்றபோதும் அதே 17 வயதுதான். கேரோனியா போரில் (கி.மு. 338) மாசிடோனியக் குதிரைப் படைக்குத் தலைமை தாங்கிய அலெக்சாந்தருக்கு 18.

இவர்கள் அரசர்களும் பிரபலங்களும்தானே என்று கேட்கலாம். சாதாரணப் பிள்ளைகளின் கதை இன்னும் பொருத்தமானது. இடைக்கால ஐரோப்பாவில் பிரபுக் குடும்பத்துச் சிறுவன் ஏழு வயதில் வேறொரு பிரபுவின் வீட்டுக்கு ஏவல் செய்ய அனுப்பப்படுவான். பதினான்கு வயதை ஒட்டி வீரனுக்குத் துணையாளாக ஆவான், குதிரையையும் ஆயுதத்தையும் பராமரிப்பான், களத்துக்கும் கூடப் போவான். பாய்மரப் போர்க்கப்பல்களில் வெடிமருந்துக் கிடங்கிலிருந்து பீரங்கிக்கு மருந்துப் பொதியைச் சுமந்து ஓடியவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். கைவினைஞரிடம் தொழில் பழகப் போன பிள்ளைகள் வீட்டை விட்டே வருடக்கணக்கில் பிரிந்திருந்தார்கள்.

ஆகவே சிறுவன் அங்கே இருந்தான் என்பதை நம்பவைப்பது கடினமில்லை. எந்த அளவுக்கு அவனால் முடிந்தது என்பதில்தான் நாவலாசிரியர்கள் சறுக்குகிறார்கள். பதினான்கு வயதுப் பையன் அனுபவமுள்ள வாள்வீரர் ஐந்து பேரை நேருக்கு நேர் வீழ்த்தினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அவனுக்குச் சாதகமானவை வேறு. அவன் சிறியவன், யாரும் அவனைக் கவனிப்பதில்லை. இடுக்கில் நுழைவான், ஏவலாளாகக் கூட்டத்தில் கரைந்துபோவான், மூன்று மொழி பேசும் துறைமுகத்தில் மூன்றையும் காதால் பிடித்துக்கொள்வான். அந்தச் சிறுமையிலிருந்து சாகசத்தை எடுக்கத் தெரிந்தவரே நல்ல ஆசிரியர்.

பெண்பிள்ளைகள் நாயகிகளாக வரும்போது வரலாற்றை வளைத்துத்தானே எழுத வேண்டியிருக்கிறது?

இல்லை. தேடாமல் சொல்லப்படும் பேச்சு இது. கணவர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பிறகு வேலுநாச்சியார் தப்பிச் சென்று, ஹைதர் அலியின் ஆதரவைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். தில்லியில் ரஸியா சுல்தானா 1236 முதல் 1240 வரை ஆண்டார். 1760களில் பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கடற்பயணத்தில் ஜான் பாரே என்ற பெண், தாவரவியலாளரின் உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறினார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக அறியப்படுபவர் அவரே. 1720இல் ஜமைக்காவில் கடற்கொள்ளைக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டவர்களில் ஆன் பானி, மேரி ரீட் என்ற இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

நாயகிக்கு முன் இருந்த தடைகளை அழித்துவிட்டு எழுதுவதுதான் வளைப்பு. எந்தத் தடையுமின்றி அவள் குதிரையேறிப் போய்விட்டால் துணிச்சலுக்கு அங்கே வேலையே இல்லை. ஜான் பாரே ஒவ்வொரு நாளும் பிடிபடும் அச்சத்தோடு ஒரு நெருக்கமான கப்பலில் வாழ்ந்தார். அந்த அச்சத்தை விட்டுவிட்டால் கதையே போய்விடும்.

விறுவிறுப்பு எங்கிருந்து வர வேண்டும்? சண்டைக் காட்சிகளிலிருந்தா?

சண்டை கொஞ்சம் இருக்கட்டும். ஆனால் பழைய காலத்தின் உண்மையான விறுவிறுப்பு அதன் இல்லாமைகளில் இருக்கிறது. அன்று செய்தி மெதுவாகப் போனது. இருட்டு முழு இருட்டாக இருந்தது. கடலில் தான் எங்கே இருக்கிறோம் என்று மாலுமிக்கே தெரியாமல் போனது. இவை ஒவ்வொன்றும் ஒரு நாவலைத் தாங்கும்.

செய்தியை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போரை முடிவுக்குக் கொண்டுவந்த கென்ட் உடன்படிக்கை 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்தானது. கடல் தாண்டி அந்தச் செய்தி வந்து சேரவில்லை. 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் இரு படைகளும் மோதி, ஏராளமானோர் மாண்டார்கள். கையெழுத்தான சமாதானத்துக்குப் பிறகு நடந்த போர்! அந்தச் செய்தியைச் சுமந்துவரும் கப்பலில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். வாளே தேவையில்லை. காற்று விழுந்துபோன ஒவ்வொரு நாளும் மூச்சை அடைக்கும்.

காற்று என்றதும் இந்தியப் பெருங்கடல் நினைவுக்கு வருகிறது. நீராவிக் கப்பலுக்கு முன், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், குளிர்மாதங்களில் வடகிழக்கிலிருந்தும் வீசும் பருவக்காற்றுதான் பயணத்தின் நாட்காட்டி. ஒரு வாரம் பிந்தினால் ஒரு பருவம் முழுக்க அந்நியத் துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டும். தந்தையைத் தேடிப் போகும் ஒரு பெண்ணுக்கு எதிரியாக இந்தக் காற்று ஒன்றே போதும். அவள் அதனிடம் கெஞ்சவும் முடியாது, ஏமாற்றவும் முடியாது.

கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் நம்பகமான வழி 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இல்லை. 1707 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்து சில்லித் தீவுப் பாறைகளில் மோதின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீர்க்கரேகைக்குத் தீர்வு காண்பவருக்குப் பெரும் பரிசு அறிவித்தது. கப்பலின் தலைவர் ஒன்றைச் சொல்கிறார், அடிமட்டத்தில் வேலை செய்யும் பையன் வேறொன்றைக் கவனிக்கிறான், பேசினால் தண்டனை கிடைக்கலாம். நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆயுதங்களிலும் இதே கதைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் துப்பாக்கியை, நன்கு பயிற்சி பெற்ற சிப்பாயே நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுட முடியும். மழையில் மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. முதல் குண்டு தவறியபின் மறுபடி மருந்திட்டுக் குத்தி நிரப்பும் அந்த இருபது விநாடிகளை எழுதத் தெரிந்தவருக்கு ஐம்பது குண்டுகள் பறக்கும் காட்சி வேண்டியதில்லை.

நாவலில் எவ்வளவு உண்மை இருக்க வேண்டும்? ஆசிரியர் எதையெல்லாம் மாற்றலாம்?

'பொன்னியின் செல்வ'னையே பாருங்கள். வல்லவரையர் வந்தியத்தேவர் என்ற பெயர் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறது. அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அந்த வெற்றிடத்தில்தான் கல்கி ஒரு துடிப்பான இளைஞனை உருவாக்கினார். ஆதித்த கரிகாலனின் கொலை நடந்தது உண்மை. காட்டுமன்னார்கோவிலுக்கு அருகே உடையார்குடிக் கல்வெட்டு கொலையில் தொடர்புடையவர்களின் பெயர்களைச் சொல்கிறது. ரவிதாசன் அதில் ஒருவன். ஏன் கொன்றார்கள் என்று கல்வெட்டு விளக்கவில்லை. அந்த 'ஏன்' என்ற இடத்தில் நந்தினி என்ற கற்பனைப் பாத்திரம் வந்து நிற்கிறாள். ஆவணம் பேசுமிடத்தில் அதைக் கேட்பது, அது மௌனமாகும் இடத்தில் கற்பனை செய்வது. இந்த வகைக்கு இதுவே நல்ல நடைமுறை.

காலத்தை நகர்த்துவதும் உண்டு. அலெக்சாந்தர் டூமாவின் 'மூன்று மஸ்கடியர்கள்' 1625இல் தொடங்குகிறது. அதன் நாயகனான தார்த்தன்யான் நிஜத்தில் ஏறத்தாழ 1611இல் பிறந்தவர், அப்போது அவர் சிறுவன். 1752இல் ஸ்காட்லாந்தின் ஆப்பின் என்ற பகுதியில் நடந்த ஒரு கொலையை ஸ்டீவன்சன் தம் 'கிட்நாப்ட்' நாவலில் 1751க்கு மாற்றினார், மாற்றியதை முன்னால் உள்ள சமர்ப்பணத்திலேயே குறிப்பிட்டும் விட்டார்.

அந்த நேர்மை பதின்பருவ நாவலுக்குக் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. கடைசியில் இரண்டு பக்கம் ஆசிரியர் குறிப்பு இருக்கட்டும்: இது நடந்தது, இதை நான் மாற்றினேன், இவர் என் கற்பனை. கதையை ரசித்த பிள்ளை அந்த இரண்டு பக்கத்தையும் அதே ஆவலோடு வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பலருக்கு வரலாறு என்ற துறை மேல் பிடிப்பு வருவதே அங்கேதான். மாற்றக் கூடாதது ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட மக்களைக் குற்றவாளிகளாகவும், கொடுமை செய்தவர்களைக் காப்பாற்றியவர்களாகவும் புரட்டிப் போடுவதற்குக் கற்பனைச் சுதந்திரம் என்ற பெயர் பொருந்தாது.

நாவலை வைத்து வரலாற்றுத் தேர்வுக்குப் படிக்கலாமா?

கூடாது. நாவல் ஒரு காலத்தின் மேல் ஆசையை மூட்டும், அதன் ஒலியையும் நடையையும் மனதில் பதிக்கும். தரவுக்குப் பாடநூலுக்கும் வரலாற்று நூலுக்கும்தான் போக வேண்டும். வரலாற்று அறிவே மாறிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954இல் வெளியிட்ட 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரோமானியப் படையின் ஒன்பதாம் லீஜியன் என்ற பெரும் படைப்பிரிவு பிரிட்டனின் வடக்கே போய் மறைந்துவிட்டது என்ற நம்பிக்கையும், சில்செஸ்டரில் 1866இல் கிடைத்த ஒரு வெண்கலக் கழுகும் அந்த நாவலுக்கு வித்து. நெதர்லாந்தின் நைமேகனில் அதே லீஜியனின் தடயங்கள் பின்னர் கிடைத்ததால், அது பிரிட்டனிலேயே அழிந்தது என்ற கருத்து வலுவிழந்தது. கழுகும் படைச்சின்னமாக இருந்திருக்காது, ஏதோ ஒரு சிலையின் பகுதியாகவே இருக்கலாம் என்று கருதப்படுகிறது. நாவல் இதனால் கெட்டுவிடவில்லை. தந்தையின் பெயரைக் காக்க எல்லை தாண்டிப் போகும் மகனின் கதை இன்றும் நிற்கிறது. அதை வரலாற்றுச் சான்றாக மட்டும் காட்ட முடியாது.

காலப்பிழைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொருள்களில் தொடங்குங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்கு முன் நடக்கும் ஆசிய, ஐரோப்பியக் கதைகளில் அவை சமையலறையில் இருக்க முடியாது. உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827இல். அதற்கு முன் சக்கிமுக்கிக் கல், அணையாமல் காத்த கங்கு, அண்டைவீட்டு நெருப்பு. நனைந்த காட்டில் நெருப்பு மூட்டுவது ஒரு வாக்கியத்தில் முடிகிற வேலையல்ல. அலெக்சாந்தரின் குதிரைவீரர்களுக்கோ ரோமானியருக்கோ கால்வைக்கும் அங்கவடி கிடையாது. அதில் எழுந்து நின்று ஈட்டி எறியும் காட்சி வந்தால் அது பிழை.

நேரத்தைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். சோழர் காலத்து ஒற்றன் 'ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன்' என்று சொன்னால் காது உறுத்தும். ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்த காலம் அது. ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடம். 'அரை நாழிகை' என்று அவன் சொல்லட்டும். எவ்வளவு நேரம் என்பது வாசகருக்கு ஓரிரு பக்கத்தில் தானாகவே பிடிபட்டுவிடும்.

பொருளில் வரும் பிழை சிறியது, மறுபதிப்பில் திருத்திவிடலாம். மனதில் வரும் பிழைதான் ஆழமானது. பத்தாம் நூற்றாண்டு நாயகன் கடவுள், குலம், அரசன், திருமணம், நோய் எல்லாவற்றைப் பற்றியும் நம்மைப் போலவே நினைத்து, சுற்றியிருக்கும் எல்லோரையும் மூடர்களாகப் பார்க்கிறான் என்றால், அங்கே கடந்தகாலம் இல்லை. நாம்தான் வேடமிட்டு நிற்கிறோம். அன்றும் எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தங்கள் காலத்தின் சொற்களால், தங்கள் நம்பிக்கைகளின் உள்ளே நின்று எதிர்த்தார்கள். சகுனத்துக்கு அஞ்சிக்கொண்டே தவறான ஆணையை மீறும் ஒரு பெண், எதற்கும் அஞ்சாத நவீனப் பெண்ணைவிட எனக்கு நெருக்கமானவளாகத் தெரிகிறாள்.

வன்முறையை எந்த அளவுக்குக் காட்டலாம்?

ரத்தத்தின் அளவைவிட, பின்விளைவு இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது பேர் விழுந்து யாருக்கும் வலிக்காத சண்டைதான் பிள்ளைகளுக்குத் தவறான பாடம். மயக்கமருந்தை அறுவை சிகிச்சையில் பயன்படுத்திக் காட்டியது 1846இல்தான். அதற்கு முன் காயம்பட்ட காலை எடுக்க நேர்ந்தால் நோயாளி முழு விழிப்போடு இருந்தார். இதை விவரமாக எழுத வேண்டியதில்லை. அடுத்த அறையில் காத்திருக்கும் தம்பியின் கண்ணோட்டத்தில் ஒரு பக்கம் எழுதினால் போதும்.

நோயும் மறந்துவிடக் கூடாதது. 1740இல் ஆன்சன் தலைமையில் கிளம்பிய பிரிட்டிஷ் கடற்பயணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போரில் இறந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களைக் கொன்றது ஸ்கர்வி முதலிய நோய்களும் பட்டினியும்தான். கடல் சாகசம் எழுதும் பலர் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

காதல் வரலாமா?

வரலாம். கதையின் வழியை மறிக்காமல் வரட்டும். சாண்டில்யனின் நாவல்களைப் பதின்பருவத்தில் தரலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். கடற்போரும் தந்திரமும் அபாரமாக இருக்கும், பெண்களின் உடல் வர்ணனையும் நிறையவே இருக்கும். பதினாறு, பதினேழு வயதில் வாசித்து, அந்த வர்ணனை எப்படிப்பட்ட பார்வையிலிருந்து எழுதப்பட்டது என்று வீட்டில் பேசவும் முடிந்தால் நல்லது.

பழைய சாகச நாவல்களில் இனவெறியும் பேரரசுப் பெருமையும் நிரம்பியிருக்கின்றனவே. அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

ஜி. ஏ. ஹென்டி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயச் சிறுவர்களுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். 1884இல் வந்த 'வித் கிளைவ் இன் இந்தியா' அவற்றுள் ஒன்று. அந்த உலகில் துணிச்சல் ஆங்கிலேயச் சிறுவனுடையது. இந்த மண் அவன் துணிச்சலைக் காட்டுவதற்கான மேடை. இங்கே பிறந்தவர்கள் விசுவாசிகள் அல்லது எதிரிகள்.

முழுக்க ஒளித்துவைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பதினைந்து வயதைக் கடந்தவர் அதை வாசிக்கும்போது, கூடவே ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும். 1751இல் ஆற்காட்டைப் பிடிக்க கிளைவ் நடத்திச் சென்ற படையில் ஐரோப்பியர் சுமார் 200 பேர், இந்தியச் சிப்பாய்கள் சுமார் 300 பேர். பாதிக்கு மேல் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பிடித்த கோட்டையை எதிரிப் படை சூழ்ந்துகொண்டது, அந்த முற்றுகை ஏறத்தாழ ஐம்பது நாள் நீடித்தது. கோட்டைக்குள் சிப்பாயாக அண்ணன், வெளியே முற்றுகையிட்ட படையில் எடுபிடியாகத் தம்பி என்று வைத்து அதே ஐம்பது நாளை எழுதினால் அது எப்பேர்ப்பட்ட நாவல்! பழைய புத்தகத்தைத் தடைசெய்வதைவிட, அது யாரைப் பேசவிடவில்லையோ அவரைப் பேசவைக்கும் புதிய புத்தகம் நமக்கு அதிகம் தேவை.

உரையாடலில் எந்தத் தமிழ்?

முழுக்க இலக்கண நடையில் பேசினால் நாடக மேடை போலாகிவிடும். இன்றைய பேச்சுவழக்கை அப்படியே வைத்தால் காலம் கலைந்துபோகும். நடுவில் ஒரு வழி உண்டு. சின்னச் சின்ன வாக்கியங்கள், எளிய சொற்கள், அந்தக் காலத்தில் இல்லாத பொருளையோ கருத்தையோ சுட்டும் சொல் மட்டும் வேண்டாம். படகோட்டியும் அமைச்சரும் ஒரே மாதிரி பேசாமல் இருப்பது மிக முக்கியம்.

அரிய சொற்களுக்கு அடிக்குறிப்பு தேவையில்லை என்பேன். 'சாமம்' என்ற சொல்லைச் சுற்றி இரவும் காவலாளியின் குரலும் இருந்தால் வாசகர் புரிந்துகொள்வார்.

காலப்பயணக் கதைகள் இந்த வகையில் சேருமா?

இன்றைய பிள்ளை கடந்தகாலத்துக்குப் போவதென்றால், அது பாதி சேரும். வாசலாக நல்லது. அங்கே போனபின் எந்நேரமும் திரும்பி வந்துவிடலாம் என்ற வசதி இருந்தால் ஆபத்து நீர்த்துவிடுகிறது.

தடிமனான தொகுதிகளைப் பார்த்தாலே என் பிள்ளை ஒதுங்குகிறான். எங்கே தொடங்குவது?

ஐந்து பாகத்தைக் கையில் கொடுக்காதீர்கள். இருநூறு பக்கத்துக்குள் முடியும் ஒரு நாவல், ஒரே நாயகன், ஒரே பயணம். அதுவும் பெரிதாகத் தெரிந்தால் முதல் மூன்று அத்தியாயங்களை நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். இந்த வகையின் பெரிய நாவல்களில் பல, இதழ்களில் தொடராக வந்தவை. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்துவைக்க எழுதப்பட்டது. ஒரு நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று நிறுத்தி வாசிப்பது அவற்றின் இயல்புக்கே பொருந்தும். ஒரு கட்டத்தில் பிள்ளை உங்களுக்காகக் காத்திராமல் தானே புரட்டிவிடுவான். அப்போது கண்டுகொள்ளாமல் இருங்கள்.

அவனுக்குப் பிடித்தது எது என்பதிலிருந்தும் போகலாம். கப்பலா, குதிரையா, கோட்டையா, ரகசிய எழுத்தா? அரச வம்சங்களிலிருந்து தொடங்கினால் பெயர்க் குழப்பத்திலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

முடிவு எல்லோருக்கும் தெரிந்த வரலாறுதானே, பிறகு எப்படிப் பதற்றம் வரும்?

யார் வென்றார் என்பது தெரியும். கற்பனை நாயகன் வீடு திரும்புவானா என்பது தெரியாது. அதனால்தான் பெரிய மனிதர்களை ஓரத்தில் நிறுத்தி, பெயர் தெரியாத ஒருவரை நடுவில் வைக்கும் வழக்கம் ஸ்காட் காலத்திலிருந்தே இருக்கிறது. அரசன் சாகமாட்டான் என்று வாசகருக்குத் தெரியும். அவனுடைய ஓலையைச் சுமப்பவனுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. வரலாறே விடை சொல்லாத நிகழ்வுகளும் உண்டு. மேலே சொன்ன ஆப்பின் கொலையில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் தூக்கிலிடப்பட்டார், சுட்டது யார் என்பது இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது.

எனக்குப் பதினேழு வயது. நானே ஒன்று எழுத ஆசைப்படுகிறேன். எப்படித் தொடங்குவது?

பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு துறைமுகம், ஒரு பருவம், ஒரு காரியம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர் எழுதிய ஒன்றைத் தேடி எடுங்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு கிடைக்கிறது. எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார், சந்தையில் என்ன வதந்தி என்றெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. 1325இல் தம் 21ஆம் வயதில் மொராக்கோவின் தாஞ்சியரை விட்டுக் கிளம்பிய இப்னு பதூதாவின் பயண நூல் இன்னொரு பொக்கிஷம். கல்வெட்டுத் தொகுதிகளில் நிலம், வரி, தானம், தண்டனை எல்லாம் இருக்கும். வறட்சியாகத் தெரிந்தாலும் ஒரு வரியில் ஒரு கதை கிடைக்கும்.

வாசிக்கும்போது ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இவர்களுக்கு எது எளிதாக இல்லை? ஆற்றைக் கடப்பதா, எழுத்து வாசிப்பதா, பொய்யான செய்தியை உண்மையிலிருந்து பிரிப்பதா? உங்கள் நாயகிக்கு மிகவும் தேவையான ஒன்றை அந்தத் தடைக்கு மறுபக்கம் வையுங்கள். முதல் அத்தியாயத்தில் காலத்தை விளக்க வேண்டாம், அவளை நடக்க விடுங்கள். அவள் செருப்பில்லாமல் நடக்கிறாளா, ஆயக்காரன் அவளை நிறுத்தினால் எந்தப் பெயரைச் சொல்வாள், இரவு எங்கே தங்குவாள் என்று எழுதும்போதே உங்களுக்குத் தெரியாதவை வரிசையாக வந்து நிற்கும். அப்போது தேடுங்கள். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.

முதல் வரைவு முடிந்ததும் உங்களைவிட மூன்று நான்கு வயது இளையவர் ஒருவரிடம் கொடுங்கள். எங்கே வாசிப்பதை நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள். திருத்தத்தை அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.